காற்று போகிற பக்கம்

மீத்தைல் புரோமைடு என்கிற வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் அந்த கேஸைப் போட்டுச் சரக்குகளில் உள்ள பூச்சியைக் கொல்லும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கப்பலில் வந்து இறங்கும் மரத்தடியோடும் முந்திரிக்கொட்டையோடும் அயல்நாட்டு வண்டும் புழுவும் சேர்ந்து இறங்கும். அவை ஊருக்குள் போய்ப் பெருகிவிடக் கூடாது. அதனால் சரக்கை அப்படியே ஷீட் போட்டு மூடி, உள்ளே கேஸ் விட்டு, ஒரு நாள் வைத்திருந்து, பிறகு ஷீட்டைத் திறந்து கேஸை வெளியே போகவிட வேண்டும். வேலை இவ்வளவுதான். சொல்ல எளிது.

போன மாதம் கம்பெனியில் கூப்பிட்டு அனுப்பினார்கள். மரப்பெட்டிக்கும் பலகைக்கும் இனி கேஸ் வேண்டாம், சூடேற்றியே பூச்சியைக் கொன்றுவிடலாம் என்று புதிதாக ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். திறப்பு விழாவில் பழைய ஆள் என்பதற்காக எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள். தூத்துக்குடி வெயிலில் சால்வையைப் போர்த்துகிறவர்களுக்கு நம்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. காப்பி குடிக்கும்போது, புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர் பையன் பக்கத்தில் வந்தான்.

"சார், இந்த கேஸ் ஓசோன் படலத்தை அரிக்குதுன்னு உங்க காலத்துல யாருக்காவது தெரியுமா?"

"எங்க காலம்னா என்னலே, கட்டபொம்மன் காலமா? தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சோம்" என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. வெடுக்கென்று அவ்வளவு மட்டும் சொல்லிவிட்டு, காப்பி டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அந்தப் பையனுக்கு நான் முழுப் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வேம்பார். வீட்டில் எல்லோருக்கும் உப்பள வேலை. அந்த உப்பு வெளிச்சத்தில் கண் கூசிக் கூசி நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. ஐ.டி.ஐ. முடித்த கையோடு பஸ் ஏறி வந்து, கேட்ட முதல் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். என்ன வேலை என்றுகூட விசாரிக்கவில்லை. மாஸ்க்கை எப்படி மாட்டுவது, எப்போது கழற்றலாம், எப்போது கழற்றக் கூடாது என்பதுதான் படிப்பு. அதைப் பாதி படித்திருந்தபோதே களத்தில் இறக்கிவிட்டார்கள்.

மீதியைச் சொல்லிக் கொடுத்தவர் என் மேலதிகாரி ஜெபராஜ் சார். நாசரேத்துக்காரர், வேதியியல் படித்தவர். அவர் யாருக்கும் உத்தரவு போட்டு நான் கேட்டதில்லை. எல்லாவற்றையும் கேள்வியாகவே சொல்வார், என்னிடமும் அப்படித்தான். "மாஸ்க்கைப் போட்டுக்கிடுவோமா, முருகேசு?" "அந்த மூலையை இன்னொருக்கப் பாத்துருவோமா?" புதிதாக வருகிறவன், மனுஷன் உண்மையாகவே நம்மிடம் யோசனை கேட்கிறார் என்று நினைத்து, "இருக்கட்டும் சார், அப்புறம் பாத்துக்கிடலாம்" என்பான். சார் ஒன்றும் சொல்ல மாட்டார். கோபப்படவும் மாட்டார். சிலிண்டருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். அவன் மாஸ்க்கை மாட்டி, வார்களை இறுக்கி, அவரிடம் வந்து காட்டுகிறவரை அந்த சிலிண்டர் திறக்காது.

வேலை முறை இது. மூட்டைகளை அடுக்கி, நடுவில் கேஸ் வரும் குழாயையும் ஒரு காற்றாடியையும் வைப்போம். மேலே ஷீட் வரும். இரண்டு ஷீட் சேரும் இடத்தில் ஓரங்களைச் சேர்த்துச் சுருட்டி கிளிப் போடுவோம். தரையில் கிடக்கும் விளிம்பின் மேல், மணல் நிரப்பிய நீளமான துணிப்பைகளைச் சுற்றிலும் கிடத்துவோம். பார்க்க அப்படி இருப்பதால் எங்களுக்கு அதன் பெயர் பாம்பு. ஒரு பாம்பின் வால்மேல் அடுத்த பாம்பின் தலை ஏறிக் கிடக்க வேண்டும். அங்கே விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் போச்சு. ஏனென்றால் இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. அடியில்தான் தேங்கும், இடம் கிடைத்தால் தரையோடு தவழ்ந்து வெளியே வரும்.

கேஸ் சிலிண்டர் தராசின் மேல் நிற்கும். அதிலிருந்து வருவது வெந்நீர் அண்டாவுக்குள் சுருண்டு கிடக்கும் செம்புக்குழாய் வழியாகச் சூடாகி உள்ளே போகும். எவ்வளவு போயிற்று என்பதை எடை குறைவதை வைத்துப் பார்ப்போம். பிறகு சார் ஒரு சிறிய விளக்கை ஏற்றிக்கொண்டு ஷீட்டைச் சுற்றி வருவார். தீச்சுடரைச் சுற்றிச் செம்பு வளையம் இருக்கும். கேஸ் கசியும் இடத்தில் சுடர் பச்சையாகும். அதிகம் கசிந்தால் நீலமாகிவிடும். நமது மூக்குக்குத் தெரியாததை அந்தச் சுடர் சொல்லிவிடும். சில சிலிண்டர்களில் கண்ணெரிச்சல் தரும் மருந்து கொஞ்சம் கலந்து வரும், கசிந்தால் கண்ணீர் வந்து எச்சரிக்கும். உணவுச் சரக்குக்கு வருவதில் பெரும்பாலும் அதுவும் இருக்காது.

எல்லா ஷீட்டும் புதிதாக இருக்குமா? இழுத்து இழுத்துப் பொத்தலாகிப் போன ஷீட்டுகளும் இருந்தன. அதற்கு எங்கள் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு. ஷீட் ஓட்டை என்றால், போகிறது போக மிச்சம் உள்ளே நிற்கட்டும் என்று கேஸைக் கூட விட்டுவிடுவார்கள். ஓட்டை அடைக்க நேரமாகும், வால்வைத் திருக நேரமா ஆகும்? நானும் அப்படித்தான் பழகினேன். ஜெபராஜ் சாரும் ஓரளவுக்குக் கண்டுகொள்ளாமல் இருந்தார், சென்னைக்கு ஒரு பயிற்சிக்குப் போய்வருகிறவரை.

திரும்பி வந்த அன்று எங்களை வேலைக்கு விடவில்லை. பழைய ஷீட் ஒன்றை வெயிலில் கயிறு கட்டி உயர்த்தச் சொன்னார். "எல்லாரும் அடியில போய் நின்னு மேல பாப்போமா?" என்றார். பார்த்தோம். ஷீட் முழுக்கப் புள்ளி புள்ளியாக வெயில் இறங்கியது. சாக்பீஸால் ஒவ்வொன்றையும் வட்டம் போடச் சொன்னார். போட்டுக்கொண்டே போனோம், கை வலித்துவிட்டது.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். பூமிக்கு மேலே வெகு உயரத்தில் ஓசோன் என்று ஒன்று பரவியிருக்கிறது. சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிரை, அதிலும் கெட்டதை, அதுதான் தடுத்து நிறுத்துகிறது. நாம் திறந்துவிடும் கேஸ் காற்றோடு கலந்து மெல்ல மெல்ல அந்த உயரத்துக்குப் போகிறது. அங்கே அது உடைந்து புரோமின் தனியே வருகிறது. அந்தப் புரோமின் ஒரு ஓசோனைச் சிதைக்கும், தான் சிதையாது. அடுத்ததைச் சிதைக்கும், அப்போதும் சிதையாது. அப்படியே போய்க்கொண்டிருக்கும். பழைய பிரிட்ஜ் கேஸிலிருந்து வரும் குளோரினும் இதே காரியத்தைச் செய்கிறது. ஆனால் புரோமின் அதைவிடப் பொல்லாதது.

"சார், இது காத்தைவிடக் கனம்னு நீங்கதான சொன்னிய. பெறகு எப்படி மேல போவும்?" என்று கேட்டேன். மடக்கிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

"டீயில போட்ட சீனி அடியிலயேவா கெடக்கு? கலக்குனா மேல வருதுல்லா? காத்து கலக்கிக்கிட்டேதான் இருக்கு" என்றார்.

அந்தப் படலம் மெலிந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். கண்ணில் புரை விழும், தோலில் புற்று வரும், பயிர் சுணங்கும். கடலின் மேல்தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களுக்குக் கேடு. முத்துச்சிப்பியின் குஞ்சுகூட முதலில் மேலே மிதந்து திரிந்துவிட்டுத்தான் கடலடிப் பாறையான பாரில் போய் ஒட்டும் என்றார். ஒன்றை மட்டும் அவர் அழுத்திச் சொன்னார், நானும் இன்றுவரை அதைச் சொல்லி வருகிறேன்: பெரிய சேதம் தென்துருவத்துக்கு மேலே, நம் தலைக்கு மேலே அல்ல. உப்பளத்து ஆட்களுக்குக் கண் கெடுவதற்கு ஓசோனைக் காரணம் சொல்லி மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். உப்பின் வெளிச்சமே அதற்குப் போதும்.

உலக நாடுகள் கூடிப் பேசி இந்த மாதிரி வாயுக்களை ஒவ்வொன்றாக நிறுத்தி வருகின்றன, மீத்தைல் புரோமைடும் அதில் உண்டு என்றார் சார். பூச்சி நாடு தாண்டாமல் தடுக்கிற வேலைக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்குத்தான் நாங்கள். அதனால் சாரால் கேஸை நிறுத்த முடியாது, எங்களாலும் முடியாது. "ஓட்டைக்கு கேஸ் விட வேண்டாமே. ஓட்டையை அடைச்சுருவோமா?" என்றார். அன்றிலிருந்து ஒட்டுப் போடாத ஷீட் களத்துக்குப் போனதில்லை. தேவைப்படாத சரக்குக்கு, சீக்கிரம் முடியும் என்பதற்காக இந்த கேஸைக் கேட்டு வருகிறவர்களையும் திருப்பி அனுப்பத் தொடங்கினார். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த கோடையில்தான் பேச்சியம்மாள் விஷயம் நடந்தது.

பேச்சியக்கா முந்திரிக்கொட்டை மூட்டை இறங்கும் இடத்தில் சிந்தியதைக் கூட்டி அள்ளுகிற வேலைக்கு வருவாள். என்னைவிட மூத்தவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிது. அன்று காலையில் திறந்த களத்தில் முந்திரி அடுக்குக்கு கேஸ் போட்டிருந்தோம். விளக்கைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பார்த்தாயிற்று. எங்கும் கசிவில்லை. மண்டையோடு போட்ட பலகைகளை நட்டிருந்தோம். மேற்கேயிருந்து காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அடுக்கின் கிழக்குப் பக்கம் காற்றும் இல்லை, மணலும் பறக்கவில்லை, மத்தியானத்துக்கு மேல் நல்ல நிழல். சாப்பிட்டுவிட்டுத் தலைசாய்க்க வேறு எந்த இடம் தோன்றும்? அவள் அங்கே போய்ப் படுத்திருக்கிறாள். தலைக்கு வைக்க ஏதாவது வேண்டுமே. பக்கத்தில் மணல் பாம்பு கிடந்தது. அதில் ஒன்றை இழுத்துத் தலையணையாக வைத்துக்கொண்டுவிட்டாள். ஷீட்டை அவள் தொடவே இல்லை. அதைத் தொடக் கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த சுற்றுக்கு விளக்கோடு நான் கிழக்குப் பக்கம் திரும்பியபோது, அவள் எழுந்து நின்று தள்ளாடிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நீ ஏன் ரெண்டு பேரா வாரே?" என்றாள். நாக்குக் குழறியது.

நான் சிரித்தேன். அவள் எப்போதும் கேலி பேசுகிறவள்தானே. பிறகுதான் கையில் இருந்த சுடரைப் பார்த்தேன். அது நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

அவளை இழுத்துக்கொண்டு காற்று வரும் பக்கத்துக்கு ஓடினேன். நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள். "வெயில் அடிச்சிட்டு, தண்ணியைத் தெளிங்க" என்றார்கள். ஜெபராஜ் சார் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நேரே கிழக்குப் பக்கம் போய், இழுபட்டுக் கிடந்த பாம்பைத் திரும்ப ஷீட்டின் விளிம்பில் கிடத்தி, விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே யாரும் போகாமல் ஓர் ஆளை நிறுத்தினார். பிறகு பெண்களைப் பார்த்து, "ஒரு சேலையை மறைப்பாப் பிடிச்சுக்கிட்டு இந்தம்மாவுக்குத் துணி மாத்திருவோமா? தலையில கட்டியிருக்கிற துண்டையும் எடுத்துருங்க" என்றார். அந்த கேஸ் துணியிலும் செருப்பிலும் ஊறி நிற்கும். துணியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், போகிற வழியெல்லாம் அவள் அதையே சுவாசித்துக்கொண்டு போவாள். அவர் சொல்லியிராவிட்டால் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்காது.

வேனின் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு அவளைக் கொண்டுபோனோம். அவளை உள்ளே எடுத்துக்கொண்டு போனதும், எங்களுக்குப் பின்னாலேயே முதலாளி வந்து சேர்ந்தார். சாரை வராந்தாவின் ஓரத்துக்குக் கூட்டிப் போனார். நானும் அங்கேதான் நின்றேன்.

"வெயில் மயக்கம்னு சொல்லிருங்க சார். கேஸுன்னு தெரிஞ்சா நம்மளைத் துறைமுகத்துக்குள்ளயே விடமாட்டாங்க. அம்பது குடும்பம் இருக்கு."

முதலாளியைப் பொல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் முகம் வெளிறித்தான் இருந்தது. குடும்பங்கள் என்று அவர் சொன்னதும் பொய்யில்லை, அதில் ஒன்று என்னுடையது.

சார் தாழ்ந்த குரலிலேயே சொன்னார்: "வெயில் மேல பழியைப் போடுவோமா, முதலாளி? அந்த வெயிலைத் தடுக்கிற கூரையவே நாமதான பிரிச்சுக்கிட்டு இருக்கோம். உள்ள கெடக்கவளுக்கு வெயில் மயக்கம்னா தண்ணியா ஏத்துவாங்க. இந்த கேஸ் நுரையீரல்ல தண்ணியைக் கோக்க வைக்கும். அவ மூழ்கிப் போவா. டாக்டர்கிட்ட சொல்லிருவோமா?"

வழக்கம்போலக் கேள்விதான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உள்ளே சலைன் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் மயங்கி விழுந்தவள் என்று யாரோ ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா. சார் கேஸின் பெயரைச் சொன்னார், எப்படிப் பட்டது, எவ்வளவு நேரம் படுத்திருந்திருக்கலாம், துணி மாற்றியது எல்லாவற்றையும் சொன்னார். இதற்கு மாற்று மருந்து கிடையாது, நுரையீரலையும் வலிப்பையும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று படித்திருப்பதாகச் சொன்னார். அந்த டாக்டர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, சலைனைக் குறைத்து, பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். சாயங்காலம் பேச்சியக்காவுக்கு வலிப்பு வந்தது. அதற்குள் அவர்கள் தயாராக இருந்தார்கள். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். சார் தலையைக் குனிந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார், நான் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

அவள் பிழைத்துவிட்டாள். ஆனால் பழைய நடை திரும்பவில்லை. கால் நேராக விழாது, பேச்சும் கொஞ்சம் இழுக்கும். விசாரணை வந்தது, கம்பெனி கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது, பிறகு திறந்தது. சாரை முதலாளி வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்ப முடியாது, லைசென்ஸ் அவர் படித்த படிப்பின் பேரில் இருந்தது. ஆனால் வெகுநாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேச்சியக்கா திரும்ப வேலை கேட்டு வந்தாள். குனிந்து கூட்ட முடியாது. சார் அவளுக்கு ஒரு மூங்கில் கழியைக் கொடுத்தார், நுனியில் துணிக்கீற்று கட்டியது. "கேஸ் போட்டா, திறந்தா, இந்தத் துணி எந்தப் பக்கம் பறக்குதோ அந்தப் பக்கம் ஒருத்தரும் இருக்கக் கூடாது. பாத்துக்கிடுவோமா?" என்றார். அப்படி ஒரு வேலை அதுவரை எங்கள் கம்பெனியில் கிடையாது. அவளுக்காக உண்டாக்கியது.

அவள் அதைப் பார்த்த விதம் இருக்கிறதே. நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறவன், சோற்றுவாளியைத் திறக்கிறவள், லாரியடியில் தூங்குகிற கிளீனர், யாரையும் விடமாட்டாள். "ஏலே, எந்திரி. காத்து போற பக்கம்லா இது. நான் படுத்து எந்திரிச்ச சீரைப் பாத்தியா?" என்று காலை இழுத்து நடந்து காட்டுவாள். சுங்க அதிகாரி ஒருவரையே கழியால் தட்டி எழுப்பியிருக்கிறாள். அவள் நின்றவரை எங்கள் களத்தில் இன்னொருவருக்கு அப்படி நடக்கவில்லை.

ஜெபராஜ் சார் ஓய்வு பெற்று நாசரேத்துக்குப் போனபின், களப்பொறுப்பு எனக்கு வந்தது. அந்த வருஷம் பெரிய மரத்தடி அடுக்கு ஒன்றைத் திறந்தோம். உயிருள்ள வண்டு பிடிபட்ட சரக்கு, இந்த கேஸைத் தவிர வேறு வழியில்லை. காற்று வரும் பக்கம் நான் நின்றேன். எதிர்ப்பக்கம் முழுக்க ஆளில்லை என்று பார்த்துவிட்டு வந்து பேச்சியக்கா என் பக்கத்தில் நின்றாள். முதல் மூலையைத் தூக்கினார்கள். ஷீட் உப்பி உப்பி அடங்கியது.

"தம்பி, இம்புட்டு கேஸும் எங்கன போவுது?"

"மேல போயிரும்க்கா."

"மேல போயி?"

சார் எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன். மேலே இருக்கிற ஓசோன், அதை அரிக்கிற புரோமின், தடுப்பில்லாமல் இறங்கும் கதிர், கண், தோல், கடலில் மிதக்கும் சின்னஞ்சிறு உயிர்கள், தென்துருவம். உலகம் இப்போது விழித்துக்கொண்டதையும், படலம் மெதுவாக ஆறி வருவதாகச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவள் கழியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"அங்கனயும் ஆளுக இருக்காங்கல்லா?"

"இருக்காங்கக்கா. இனிமே பொறக்கப் போறவங்களும் இருக்காங்க."

அவள் கழியின் நுனியில் பறக்கும் துணியை அண்ணாந்து பார்த்தாள்.

"இங்கன காத்து போற பக்கம் நான் நிக்கேன். ஒருத்தரையும் உக்கார விடமாட்டேன். அங்கன ஆரு தம்பி நிக்கா?"

அடுத்த மூலையைத் திறக்க ஆட்கள் என் கையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் கையை அசைத்தேன். அவர்கள் திறந்தார்கள்.